ஸ்கேனர் கண்ணாடியில் ஒரு ஜரிகை நூல்

சென்ற மாதம் உங்கள் புகைப்படக்காரர்கள் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டேன். நாம் எடுத்த படம் முன்பின் தெரியாத ஒருவருடைய இணையதளத்தில் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் உங்கள் மனதில் முதலில் எழும் கேள்வி என்ன? உங்களில் பெரும்பாலானவர்கள் ஒரே பதிலைத்தான் சொன்னீர்கள்: "நம்ம ஆள்ல யாரு சார் கொடுத்தது?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தளத்துக்காரருக்கு எப்படி எழுதுவது, எந்த ஆதாரத்தை இணைப்பது, பதில் வராவிட்டால் அடுத்து யாருக்கு எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதியை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அப்படிப்பட்ட கடிதங்களில் முதலாவதை நான் எவ்வளவு தாமதமாக எழுதினேன் என்பதை உங்களிடம் சொன்னதில்லை. என் மனைவியிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே பாத்திரக் கடை. கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது எங்கள் தொழில். அப்படி ஒரு தொழில் இருக்கிறது என்று கடைக்காரர்களுக்கு விளக்குவதிலேயே பாதி நாள் போய்விடும். புடவையைத் தொட்டுப் பார்க்காமல் எவன் வாங்குவான் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதலாளிக்கு முப்பது வயது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். எனக்கு நாற்பத்தாறு. ஒரு வாரப் பத்திரிகையின் படப் பிரிவில் இருபது வருடம் இருந்துவிட்டு அங்கே சேர்ந்திருந்தேன். முதுகலை படித்தவன், வயதில் மூத்தவன் என்பதால் எந்த விஷயத்திலும் கடைசி வார்த்தையை என்னிடம் விட்டுவிடுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகையில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. படம் எடுத்து வந்தவர் நெகட்டிவ் முழுவதையும் ஒப்படைக்க வேண்டும். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். அதை ஆறு ஆறாக வெட்டி, ஆறு துண்டுகளாக ஒரு மெல்லிய தாள் உறையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுவோம். சாவி என் இடுப்பில். நெகட்டிவ் யாரிடம் இருக்கிறதோ, படம் அவரிடம் இருக்கிறது. நம் படம் வேறு இதழில் வந்துவிட்டால் யாரோ பீரோவைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இருபது வருடத்தில் இரண்டு முறை அப்படி நடந்தது; இரண்டு முறையும் ஆளைப் பிடித்தேன். இணையத் தொழிலுக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தை என்னோடு கொண்டுவந்தேன். முதல் வாரமே முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்ட சாமான் ஒரு இரும்பு பீரோ.

ஒரு புடவைக் கடைக்காகப் படம் எடுக்க வேண்டியிருந்தது. வருவதாகச் சொன்ன மாடல் பெண் வரவில்லை. புடவைகளை மாலைக்குள் கடைக்குத் திருப்ப வேண்டும். எங்கள் அலுவலகத்தில் புடவைகளுக்கான வர்ணனைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த வசுமதி என்ற பெண், வேண்டுமானால் தான் கட்டிக்கொண்டு நிற்பதாகச் சொன்னாள். இருபத்திரண்டு வயதிருக்கும். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. அந்த வீட்டிலிருந்து இப்படி ஒரு இடத்துக்கு வேலைக்கு வந்த முதல் பெண் அவள். ஒரே நிபந்தனை, முகம் வரக்கூடாது. அப்பாவிடமும் சொல்லிவிட வேண்டும் என்றாள்.

நான் ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். காபி கொடுத்தார். நான் வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன்.

"எழுதியெல்லாம் தர வேண்டாம். முகம் வராதுன்னு நீங்க சொல்றேள். படிச்சவா சொன்னா போறும்" என்றார்.

படம் எடுத்தவர் பெயர் தனசேகர். கோடம்பாக்கத்தில் சினிமா ஸ்டில் எடுப்பவரிடம் பல வருடம் உதவியாளராக இருந்து, பிறகு தனியாக வந்து, தி. நகர் கடைகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் அலுவலகம் தவிர இன்னும் நாலைந்து கடைகள் அவரை நம்பி இருந்தன. அவரும் அவற்றை நம்பித்தான் இருந்தார். வாய் ஓயாது. வசுமதி விறைத்துப்போய் நின்றாள். அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னாம்மா, நீ புடவையைக் கட்டிகினு கீறியா, புடவை உன்னைக் கட்டிகினு கீதா?" என்றார். அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு படங்கள் நன்றாக வந்தன. சிரித்தபோதும் ஐந்தாறு படம் அவர் எடுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். முகத்தை வெட்டிவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பிரிண்டுகளையும் நெகட்டிவ் உறையையும் கொண்டுவந்து கொடுத்தார். நான் எண்ணவில்லை. பத்திரிகையில் எண்ணாமல் வாங்கியதே இல்லை, அன்றைக்கு அவசரம். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே முதல் பிரிண்டை ஸ்கேனரில் வைத்தேன். அதே மேஜையில்தான் புடவைகளை விரித்து மடித்திருந்தோம்.

"சார், கண்ணாடியைத் துடைச்சிட்டு வைங்க. ஜரிகை நூலு ஒண்ணு ஒட்டிகினு கீது" என்றார்.

கம்ப்யூட்டர் திரையில் அதெல்லாம் யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்லிவிட்டு மூடியை மூடினேன்.

இப்போது நான் செய்த முதல் தப்பைச் சொல்ல வேண்டும். அந்தப் படங்களில் ஒன்றில் வசுமதி யாரோ கூப்பிட்டதுபோல் பக்கவாட்டில் திரும்பியிருந்தாள். ஒரு கண், கன்னம், மூக்குத்தி தெரிந்தது. முந்தானையில் சன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது. முகத்தை வெட்டினால் அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை. முழு முகம் இல்லையே, பாதிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்ப்பவர்களெல்லாம் வெளிநாட்டில் இருக்கும் புடவை வாங்குகிறவர்கள், மயிலாப்பூரில் யார் வீட்டில் இணைய இணைப்பு இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டேன். முகப்புப் பக்கத்தில் பெரிதாகவே போட்டேன். பக்கங்களை என்னிடம் விட்டுவிட்டு முதலாளி திறந்தும் பார்க்க மாட்டார். இணைப்பு முதலாளி அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான். வசுமதி அங்கே போக வேண்டிய வேலையே இல்லை. அவளிடம் நான் சொல்லவில்லை.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலையில் வசுமதி வரவில்லை. அவள் அப்பா வந்தார். என் எதிரில் உட்கார்ந்து, தபால் உறை ஒன்றிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். அமெரிக்காவில் இருந்த அவருடைய தம்பி அனுப்பியது. அவருடைய நண்பர் ஒருவர் ஏதோ தளத்தைப் பார்த்து, இது உன் அண்ணன் பெண் இல்லையா என்று கேட்டிருக்கிறார். அதை வண்ணத்தில் அச்செடுத்துத் தபாலில் அனுப்பியிருந்தார். இந்தியப் பெண்களோடு பேனா நட்பு கொள்ளுங்கள் என்பது போன்ற தலைப்பு. வரிசையாக ஏழெட்டுப் பெண்கள். மூன்றாவதாக வசுமதி, நான் தேர்ந்தெடுத்த அதே படம். கீழே வேறு ஒரு பெயர், வேறு ஒரு வயது, மெட்ராஸ்.

தண்ணீர் கொடுத்தேன். அவர் தொடவில்லை.

"உங்க பக்கத்துல இந்தப் படம் இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அது பொய். அவர் போன அரை மணி நேரத்துக்குள் முதலாளி அறைக்குப் போய், அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு படத்தை ஏற்றி, அதை உண்மையாக்கிவிட்டேன்.

போவதற்கு முன்னால் அவர் சொன்னது இது. ஒரு இடத்தில் வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பையனும் கம்ப்யூட்டரில்தான் வேலை செய்கிறான். நாளைக்கு அவர்கள் கேட்டால் தனக்குப் பதில் வேண்டும். "வெள்ளிக்கிழமைக்குள்ள யார் கொடுத்தான்னு பேர் சொல்லுங்கோ. வெளியாள் பண்ணினதுன்னா அவ திரும்ப வருவா. உள்ளேர்ந்துதான் போச்சுன்னா, போறும், அவ ஆத்துலயே இருக்கட்டும்."

அந்தப் பெண்ணுக்கு அந்த வேலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே தட்டச்சு செய்வாள். முதலாளிக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. புடவைக் கடைக்குச் செய்தி போய்விட்டால் அவர்கள் வேலை கைவிட்டுப் போகும். ஆக எனக்கு நாலு நாள். அந்தத் தளத்தில் தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. அச்சடித்த தாளின் அடியிலேயே இருந்தது. ஒரு வரி எழுதிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. திருடனிடம் போய் யார் கொடுத்தது என்று கேட்பார்களா என்பது என் நினைப்பு. நேராகப் பீரோவுக்குப் போனேன்.

உறையில் ஐந்து துண்டுகள்தான் இருந்தன.

இருபது வருடப் பழக்கம் அப்படியே எழுந்து நின்றது. இத்தனைக்கும் அந்தத் தளத்தில் வந்த படத்தின் நெகட்டிவ் அந்த ஐந்து துண்டுகளுக்குள் பத்திரமாக இருந்தது. அது என் கண்ணில் பட்டது. ஒரு துண்டை எடுத்தவன் மற்றதிலிருந்து பிரிண்ட் போட்டு வைத்திருக்க மாட்டானா என்று அடுத்த நொடியே பதில் சொல்லிக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் மனிதனுக்கு எந்தச் சாட்சியும் எதிர்ச்சாட்சியாகத் தெரியாது.

தனசேகரைக் கூப்பிட்டு அனுப்பிக் கேட்டேன். ஒரு துண்டு சரியாக வரவில்லை, வெட்டிப் போட்டுவிட்டேன் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் அவரிடம் சொல்லாமல் கோடம்பாக்கத்தில் அவர் வழக்கமாகக் கழுவக் கொடுக்கும் லேபுக்குப் போனேன். அங்கிருந்தவர் முப்பத்தாறும் அருமையாக வந்ததே என்றார். அந்தப் பொண்ணு சிரிக்கிற துண்டுதான் அதில் சிறந்தது, அதைக் கூடப் பிரிண்ட் போட வேண்டாம் என்று தனசேகர் வெட்டி வாங்கிக்கொண்டு போனார் என்றும் சொன்னார்.

பிடித்துவிட்டேன் என்று தோன்றும்போது வரும் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அது மிகவும் கெட்ட சந்தோஷம். உங்களுக்கு அது வந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

புதன்கிழமை அவரை மறுபடியும் கேட்டேன். இந்தமுறை லேபுக்குப் போனதைச் சொன்னேன்.

"அது இருக்க வேண்டிய இடத்துல கீது சார். அதை மட்டும் கேக்காதீங்க" என்றார்.

அவர் டீ குடிக்கப் போனபோது அவருடைய பையைத் திறந்து பார்த்தேன். லென்ஸ் துடைக்கும் துணி, இரண்டு ரோல், ஒரு பொட்டலம் பக்கோடா. அந்த வாரம் நான் யாரையும் விடவில்லை. எங்கள் மேஜையைத் துடைக்கும் அம்மா, கீழே பாத்திரக் கடைக் கணக்கர், ஒரு மதியம் முழுக்க முதலாளியையே கூடச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்படாத ஆள் ஒருவர்தான். அவர் பெயரை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

வியாழக்கிழமை பிற்பகல், அச்சடித்த தாளை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். லேபின் அடையாளம் ஏதாவது இருக்குமா என்று தேடினேன். இடது பக்கக் கீழ் மூலையில், புடவையின் கொசுவத்துக்குப் பக்கத்தில், வெட்டிய நகம் போல வளைந்து ஒரு சின்னக் கோடு. முதலில் புடவையின் நூல் என்றே நினைத்தேன். எங்களிடமிருந்த பிரிண்டை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் கம்ப்யூட்டரில் நான் ஸ்கேன் செய்து வைத்திருந்த படத்தைத் திறந்தேன். அதே மூலையில் அதே வளைவு.

நெகட்டிவிலும் இல்லை, பிரிண்டிலும் இல்லை. என் ஸ்கேனில் மட்டும் இருந்தது. அப்படியென்றால் அந்தப் படம் போனது நான் ஏற்றிய பக்கத்திலிருந்துதான். யாரும் பீரோவைத் திறக்கவில்லை. யாரும் யாரிடமும் எதையும் கொடுக்கவில்லை. உலகத்தில் எங்கோ ஒருவன் பக்கத்தைத் திறந்தான், படத்தைத் தன் கம்ப்யூட்டரில் சேமித்துக்கொண்டான். இன்றைக்கு உங்களில் எவருக்கும் இது ஒரு செய்தியே இல்லை. எனக்கு அன்றுதான் புரிந்தது. நெகட்டிவைப் பூட்டி வைத்துவிட்டுப் படத்தை நடுத்தெருவில் வைத்திருந்திருக்கிறேன்.

அறியாமை என்று சொல்லி இங்கேயே இந்தக் கதையை முடித்துவிட முடியும். பல வருடம் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் வியாழக்கிழமை ஐந்து மணிக்கு எனக்கு எல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். நடுவில் இருந்த நேரத்தில் நான் யோசித்தது இதுதான்: உண்மையைச் சொன்னால், படம் எங்கள் பக்கத்தில் இருந்தது என்று சொல்ல வேண்டும். முகம் வராது என்று வாக்குக் கொடுத்தவன் நான். படத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். இல்லை என்று பொய் சொன்னவன் நான். வசுமதிக்கும் வேலை போகும். தனசேகர் பெயரைச் சொன்னால், அவர் வெளியாள், அவள் வேலை நிலைக்கும், வரனுக்குப் பதில் கிடைக்கும், அலுவலகம் தப்பிக்கும். அந்தப் பெண்ணுக்காகத்தான் செய்கிறேன் என்று நம்பும் அளவுக்கு நான் படித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி அறையில் நாங்கள் நாலு பேர். வசுமதியின் அப்பா, முதலாளி, தனசேகர், நான். வசுமதி வரவில்லை, வரவிடவில்லை. அந்தத் தாள் மேஜை நடுவில் கிடந்தது. நான் பேசினேன். ஒரு துண்டு நெகட்டிவ் காணாமல் போனதையும், வரவில்லை என்று அவர் சொன்னதையும், லேபில் விசாரித்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. நன்றாகவும் பேசினேன்.

முதலாளி அந்தத் துண்டு எங்கே என்று கேட்டார். தனசேகர் வசுமதியின் அப்பாவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். குற்றவாளியின் தலை அப்படித்தான் குனியும் என்று நினைத்துக்கொண்டேன். குற்றவாளி இல்லை என்று தெரிந்தும் நினைத்துக்கொண்டேன்.

குனிந்த கண் அந்தத் தாளில் விழுந்தது. அவர் அதை எடுத்தார். சன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். இருபது வருடம் படம் பார்த்த கண் என்னுடையது. எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. அவருக்குத் தேவைப்படவில்லை.

"சார், இந்த நூலு நெகட்டிவ்ல கிடையாது. உங்க கண்ணாடில ஒட்டிகினு இருந்துச்சே, அது இது. அன்னைக்கே சொன்னனே சார்" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வழி திறந்துவிடுவது போலத்தான் சொன்னார். நான் மறந்திருப்பேன், இப்போது நினைவுக்கு வந்துவிடும் என்று அவர் நம்பினார்.

முதலாளி என்னைப் பார்த்தார். வசுமதியின் அப்பாவும் என்னைப் பார்த்தார். நூல், கண்ணாடி என்றால் அவர்கள் இருவருக்கும் என்ன என்று தெரியாது. என்ன சார் அது என்று முதலாளி கேட்டார்.

"அது பிரிண்டர் அழுக்கு" என்றேன்.

தனசேகர் தாளை மேஜையில் வைத்தார். நேராக்கி வைத்தார். "சரி சார். நீங்க படிச்சவங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். படிக்கட்டில் அவர் இறங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. வசுமதியின் அப்பா அப்போதுதான் என் எதிரில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு அந்தத் தாளை மடித்துத் தன்னோடு எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை, படத்தை எடுக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கு எழுதினேன். அதுதான் என் முதல் கடிதம். மிரட்டலாக, நல்ல ஆங்கிலத்தில், நாலு பத்தி. திங்கட்கிழமை பதில் வந்தது. எழுதியவன் ஏதோ கல்லூரி மாணவன். மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் பக்கத்தில் பார்த்தேன், பக்கத்தில் போட்டிருந்ததால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், இப்போதே எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தான். எடுத்தும் இருந்தான். முதல் திங்கட்கிழமையே எழுதியிருந்தால் வியாழக்கிழமைக்குள் இந்தப் பதில் என் கையில் இருந்திருக்கும். அந்தப் பதிலை நான் யாருக்கும் காட்டவில்லை.

வசுமதி வேலைக்குத் திரும்பினாள். யாரோ வெளி ஆள் என்றுதான் அவளுக்கு வீட்டில் சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரம் ஒழுங்காகப் போனது. பழைய ஸ்கேன்களையெல்லாம் திறந்து பெயர் கொடுத்து அடுக்கும் வேலையை நானே அவளிடம் கொடுத்தேன். தனசேகர் அண்ணா ஏன் வருவதில்லை என்று அவள் கேட்டபோதுதான் அவர் பெயரைச் சொன்னேன். ஒரு துண்டு நெகட்டிவ் காணவில்லை என்பதையும் சொன்னேன். அவள் தன் இடத்துக்குப் போய் ஸ்கேன்களை மறுபடியும் திறந்தாள்.

மறுநாள் காலையில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையை என் மேஜையில் வைத்தாள். உள்ளே ஆறு படங்கள் கொண்ட துண்டு. வெளிச்சத்தில் பிடித்தேன். ஆறிலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் கேட்டேன். சிரிச்சதெல்லாம் ஆபீஸுக்குப் போக வேண்டாம், எங்கிட்டயே கொடுத்துடுங்கோ அண்ணான்னேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா கோவிச்சுப்பார்னு சொன்னேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னார். சொல்லலை" என்றாள்.

அவர் அன்று அவள் அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தது எதற்கு என்று அப்போது தெரிந்தது. ஒரே வரியில் தப்பித்திருக்கலாம். அந்த வரியைக் கேட்கக் கூடாதவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளியே போகாது என்று ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தவர்கள் அந்த அறையில் இரண்டு பேர் இருந்தோம். காப்பாற்றியவரைத்தான் வெளியே அனுப்பியிருந்தோம்.

அவளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் நிறுத்தினாள்.

"அந்த மூலையில இருக்கற நூலை நம்ம கம்ப்யூட்டர்லயே நேத்திக்குப் பார்த்துட்டேன் சார். சித்தப்பா அனுப்பின பேப்பர்லயும் அதே நூல் இருக்கு. அது எங்க ஆத்துல இன்னும் இருக்கு. அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். சிரிச்சதையும்தான்" என்றாள். பிறகு, இன்றோடு நிற்பதாகச் சொன்னாள். அப்பா சொன்னதால் இல்லை, தானாகவே என்றும் சொன்னாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். அவள் அப்பா என்னைத் தேடி வரவில்லை. வந்து திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வரன் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது; கேட்கும் உரிமை போய்விட்டது.

முதலாளியிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். இல்லை. பெண்ணின் படத்தை வெளியே கொடுத்தவர் என்று கேள்விப்பட்டுத் தனசேகரை விட்டுவிட்ட கடைகளுக்குப் போய் அது தப்பு, நான்தான் என்று சொன்னேனா? இல்லை. பாண்டி பஜாரில் அந்தக் கடைகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொள்வேன். அவ்வளவுதான் செய்தேன். பிற்பாடு படத் திருட்டு விஷயத்தில் நாலு பேர் யோசனை கேட்கும் ஆளாக ஆனேன். எங்கே பேசினாலும் முதலில் தளத்துக்கு எழுதுங்கள், உள்ளே தேடுவதற்கு முன் உங்கள் பக்கத்தையே பாருங்கள் என்று சொல்வேன். எங்கிருந்து இதைக் கற்றேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒன்றரை வருடம் கழித்து எனக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ரங்கநாதன் தெருக் கூட்டத்திலிருந்து ஒதுங்கிய ஒரு சந்தில், தனசேகர் ஒரு சின்ன ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஊரில் வேறு ஸ்டூடியோ இல்லாமல் அங்கே போகவில்லை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்காக அமைத்துக்கொண்டுதான் போனேன்.

அவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய் உட்காரச் சொன்னார். நீலத் திரை, ஒரு ஸ்டூல், இரண்டு விளக்குகள். நான் வாயைத் திறந்தேன்.

"பேசாதீங்க சார், படம் ஆடிடும்" என்றார். என் தாடையை இரண்டு விரலால் தொட்டு நேராக்கினார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். என் தோளில் கிடந்த ஒரு முடியை எடுத்து ஊதிவிட்டார். அவ்வளவு கவனமாக என்னை யாரும் படம் எடுத்ததில்லை.

இரண்டு நாள் கழித்து வாங்கப் போனேன். அவரே எடுத்து வந்து கொடுத்தார். பிரிண்டுகளோடு ஒரு சின்ன உறையும் இருந்தது. பாஸ்போர்ட் படத்துக்கு அப்போதெல்லாம் யாரும் கேட்காமல் நெகட்டிவ் கொடுக்க மாட்டார்கள்.

"நெகட்டிவ் உள்ள கீது சார். நாலு. எண்ணிப் பாத்துக்குங்க" என்றார்.

வேண்டாம் என்றேன். அவர் நகரவில்லை. பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் உறையைத் திறந்து, அந்தத் துண்டைத் தெரு வெளிச்சத்தில் பிடித்து, நாலு முறை என் முகத்தையே எண்ணினேன்.